தாளுக்கு இரண்டு சென்ட்: ஸ்டீபன் ஃபாஸ்டரும் இசைத்தாள் வணிகமும்

1864 ஜனவரி 13 அன்று நியூயார்க் நகரத்துப் பெல்வியூ மருத்துவமனையில் 37 வயதான ஒருவர் இறந்தார். பவரி தெருவிலிருந்த மலிவான விடுதி ஒன்றில் உடல்நலம் குன்றித் தங்கியிருந்த அவர், அறையில் தடுமாறி விழுந்து கழுத்தில் வெட்டுப்பட்ட நிலையில் அங்கே கொண்டுவரப்பட்டிருந்தார். அவருடைய பணப்பையில் 38 சென்ட் காசும், ஏதோ ஒரு பாட்டுக்காகக் குறித்துவைத்த சில சொற்கள் கொண்ட துண்டுத் தாளும் இருந்தன. அவர் பெயர் ஸ்டீபன் காலின்ஸ் ஃபாஸ்டர். கீபோர்டு வகுப்புக்குப் போன நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் முதல் சில மாதங்களில் வாசிக்கப் பழகும் ‘ஓ சூசன்னா’ என்ற மெட்டு அவருடையதுதான்.

இந்த 38 சென்ட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார்கள். பதிப்பாளர்கள் அவரை ஏமாற்றிப் பிழைத்தார்கள் என்பது ஒன்று. குடித்துத் தொலைத்தார் என்பது மற்றொன்று. குடிப்பழக்கம் இருந்தது உண்மை. ஆனால் அவருடைய வரவுக் கணக்கு ஓரளவு முழுமையாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் படித்தால் மேற்சொன்ன இரண்டு கதைகளுமே போதாதவை என்பது தெரியும். ஒரு பாட்டிலிருந்து பணம் எந்தெந்த வழியாக வரக்கூடும், அவற்றில் எந்த வழி அன்று திறந்திருந்தது, எவை சட்டத்தாலேயே அடைபட்டுக் கிடந்தன என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஃபாஸ்டரின் தொழில் வாழ்க்கை விளங்கும். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

ஒலிப்பதிவுக்கு முன் பாட்டு எப்படி விற்றது?

எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வந்தது 1877-ல். அதற்கு முன் ஒரு பாட்டு ஊர்விட்டு ஊர் போக இரண்டே வழிகள் இருந்தன: ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போவது, அல்லது தாளில் ஏறிப் போவது. இரண்டாவது வழிக்கு வாகனமாக இருந்ததே இசைத்தாள். மெட்டைக் கோடுகளின் மேல் புள்ளிக்குறிகளாக எழுதி, அவற்றின் கீழே பாட்டின் சொற்களையும் அதற்கும் கீழே பியானோவில் உடன் வாசிக்க வேண்டியதையும் அச்சிட்ட, சில பக்கங்களே கொண்ட தாள்கட்டு இது. குறிகளைப் படிக்கத் தெரிந்த எவரும், அந்தப் பாட்டைத் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டிராவிட்டாலும், அதைப் பார்த்துப் பாடிவிட முடியும்.

நம்மூர்த் திரையரங்கு வாசல்களில் விற்ற பாட்டுப் புத்தகத்தோடு இதை ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. பாட்டுப் புத்தகத்தில் சொற்கள் மட்டுமே இருந்தன. மெட்டு அதை வாங்குகிறவரின் காதில் முன்பே குடியேறியிருக்கும். இசைத்தாளிலோ மெட்டுதான் விற்பனைப் பொருள்.

அச்சிடும் முறையைப் பற்றி ஒரு செய்தி மட்டும் தெரிந்தால் போதும். ஈயக்கலவைத் தகட்டில் ஒவ்வோர் இசைக்குறியையும் இடவல மாற்றாக, உளியச்சுகளால் தட்டிப் பதிப்பார்கள். தகடு செய்யத்தான் செலவும் உழைப்பும். செய்து முடித்த தகட்டைப் பத்திரப்படுத்தி வைத்தால், தேவைப்படும் போதெல்லாம் தாளும் மையும் மட்டுமே செலவு. ஆகவே நூறு படிகள் விற்கும் பாட்டு பதிப்பாளருக்கு நஷ்டம். பத்தாயிரம் படிகள் விற்கும் பாட்டு நல்ல லாபம். எந்தப் பாட்டு எந்தப் பக்கம் விழும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதால் பதிப்புத் தொழில் பாதி சூதாட்டமாகவே நடந்தது.

வாங்கியவர்கள் யார்? அமெரிக்க நகரங்களில் வளர்ந்துவந்த நடுத்தரக் குடும்பங்கள். வரவேற்பறையில் ஒரு பியானோ இருப்பது மதிப்பின் அடையாளமாக இருந்தது, அதை வாசிக்கப் பழகுவது பெண்பிள்ளைகளின் படிப்பில் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. சாதாரணப் பாட்டு ஒன்றின் தாள் 25 சென்ட் அளவில் விற்றது. இந்தச் சந்தைக்குத்தான் ஃபாஸ்டர் எழுதினார்.

பாட்டு வேறு, தாள் வேறு, பாடுவது வேறு

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் போவோம். உங்கள் பாட்டி ஒரு வத்தக்குழம்பு வைப்பார்; அந்தக் கைமணம் வேறெங்கும் இல்லை. அதன் செய்முறையை அவர் ஒரு தாளில் எழுதி, அச்சிட்டு விற்கிறார் என்று வையுங்கள். இப்போது மூன்று பொருள்கள் இருக்கின்றன. பாட்டி கண்டுபிடித்த பக்குவம் ஒன்று. அதை எழுதிய தாள் இரண்டு. அந்தத் தாளைப் பார்த்து ஒரு ஓட்டல்காரர் வைத்து, சாப்பாட்டோடு பரிமாறிக் காசு பார்க்கும் குழம்பு மூன்று.

தாளை வேறொருவர் திருட்டுத்தனமாக அச்சிட்டால் பாட்டி வழக்குப் போடலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் ஓட்டல்காரர் நாள்தோறும் ஆயிரம் பேருக்கு அந்தக் குழம்பைப் பரிமாறினாலும் பாட்டிக்கு ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை, தாளுக்கு முதலில் கொடுத்த விலையே போதும் என்று அதே சட்டம் இருந்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பாட்டாசிரியரின் நிலை ஏறக்குறைய இதுவே.

அந்தச் சட்டத்தின் பெயர் பதிப்புரிமைச் சட்டம். ஒரு படைப்பைப் படியெடுத்து விற்பதற்குக் குறிப்பிட்ட காலம் வரை படைத்தவருக்கோ அவரிடமிருந்து பெற்றவருக்கோ மட்டும் சட்டம் தரும் உரிமையே பதிப்புரிமை. 1790-ல் வந்த அமெரிக்காவின் முதல் சட்டத்தில் நூல்களும் நிலப்படங்களும் இருந்தன, இசை தனியாகச் சொல்லப்படவில்லை. 1831-ல் திருத்தியபோது இசைப்படைப்பு பட்டியலில் ஏறியது. காலம் 28 ஆண்டுகள். அதன்பின் ஆசிரியரோ, அவர் இறந்திருந்தால் மனைவி மக்களோ புதுப்பித்துக்கொண்டால் மேலும் 14 ஆண்டுகள். அச்சிடுவதையும் விற்பதையும் அந்தச் சட்டம் காத்தது. மேடையில் பாடுவதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கமாக மனத்தில் வைத்துக்கொள்வோம்: ஃபாஸ்டரின் காலத்தில் பாட்டுக்குக் காசு தாளின் வழியாக மட்டுமே வந்தது. எத்தனை ஆயிரம் பேர் கேட்டார்கள் என்பது வருமானத்தைத் தீர்மானிக்கவில்லை. எத்தனை பேர் தாள் வாங்கினார்கள் என்பதே தீர்மானித்தது.

கைவிட்டுப் போன ‘ஓ சூசன்னா’

ஃபாஸ்டர் 1826 ஜூலை 4 அன்று பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய லாரன்ஸ்வில்லில் பிறந்தார். அவருடைய முதல் பாட்டு 1844-ல் ஃபிலடெல்ஃபியாவில் அச்சானபோது அட்டையில் அவருடைய பெயரின் முதலெழுத்தே தவறாக விழுந்தது. 1846-ல் சின்சினாட்டிக்குப் போய், அண்ணன் டன்னிங் பங்குதாரராக இருந்த நீராவிக் கப்பல் முகவர் நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தார். பாட்டெழுதுவது அப்போது அவருக்கு ஓய்வுநேரப் பழக்கம் மட்டுமே. அது அவருக்கு மட்டுமல்ல, அன்றைய அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாருக்கும் அப்படித்தான்: இசை கற்பிக்கலாம், மேடையேறலாம், இசைக்கடை வைக்கலாம், பாட்டு எழுதுவதை மட்டுமே பிழைப்பாகக் கொள்வது என்ற தொழில் இன்னும் பிறக்கவில்லை.

‘ஓ சூசன்னா’ 1847 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் ஓர் ஐஸ்கிரீம் கடை அரங்கில் மேடையேறியது. புதிய பாட்டுகளைக் கையால் எழுதிப் பாடகர்களிடம் கொடுத்துவிடுவது ஃபாஸ்டரின் வழக்கம். கையெழுத்துப் படி கிடைத்த பாடகர்கள் அதை அடுத்த ஊர்ப் பதிப்பாளரிடம் கொண்டுபோனார்கள். 1848 பிப்ரவரியில் நியூயார்க்கில் அச்சான முதல் பதிப்பில் ஃபாஸ்டரின் பெயரே இல்லை. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பாட்டு இருபது முறைக்குக் குறையாமல் வெவ்வேறு பதிப்புகளாக வெளிவந்துவிட்டது. கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டம் அதை வழிநடைப் பாட்டாகவே ஆக்கிக்கொண்டது. இத்தனைக்கும் ஃபாஸ்டர் கைக்கு வந்தது, பீட்டர்ஸ் என்ற பதிப்பாளர் கொடுத்த 100 டாலர் என்றே வழக்கமாகச் சொல்லப்படுகிறது.

இதைத் திருட்டு என்று சொல்லத் தோன்றும். ஆனால் பதிப்புரிமை அன்று தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. அச்சிடுவதற்கு முன் மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் தலைப்பைப் பதிவு செய்ய வேண்டும், வெளியிட்ட பின் படியைச் சேர்ப்பிக்க வேண்டும். ஃபாஸ்டர் பதிவு செய்யவில்லை. கையில் படி வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பதிவு செய்தார்கள். பத்திரம் எழுதாத நிலத்துக்கு நாலு பேர் பட்டா வாங்கிய கதைதான். ஆயினும் இந்த இழப்பே அவருக்கு ஒரு கண்திறப்பாக அமைந்தது: பெயரற்ற பாட்டு இவ்வளவு விற்றால், முறையாகப் பதிவு செய்து பங்கு பேசிக்கொண்ட பாட்டு சோறு போடும் அல்லவா?

மாந்தோப்பை வைத்து ராயல்டியைப் புரிந்துகொள்ளுதல்

மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு வருமானம் வரும் வழிகளை எண்ணிப் பாருங்கள். தோப்பையே கிரயம் எழுதிக் கொடுத்துவிடலாம். மொத்தமாகப் பணம் வரும், பிறகு மரம் எவ்வளவு காய்த்தாலும் கேட்க முடியாது. பறிக்கிற காய்க்கு இவ்வளவு என்று வியாபாரியிடம் பேசிக்கொள்ளலாம். விளைச்சல் இருந்தால் வரவு, இல்லாவிட்டால் இல்லை. அவசரத் தேவை வந்தால், பூவெடுத்திருக்கும்போதே மகசூலைக் குத்தகைக்கு விட்டுவிடலாம். கையில் உடனே பணம் வரும், ஆனால் வியாபாரி தம் ஆபத்துக்கும் லாபத்துக்கும் இடம் வைத்துக் குறைத்தே பேசுவார்.

பாட்டுக்கும் இதே வழிகள்தாம். முதல் வழி மொத்த விற்பனை. இரண்டாவது ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு படிக்கும் படைத்தவருக்குச் சேரும் பங்கு. மூன்றாவது, இனி வரப்போகும் ராயல்டியை இன்றே ஒரு தொகைக்கு விற்றுவிடுவது. ஃபாஸ்டர் தம் வாழ்நாளில் இந்த மூன்றையும் செய்தார். செய்த வரிசைதான் அவருடைய கதை.

1849-ல் நியூயார்க்கின் ஃபர்த், பாண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேசினார். அவர்கள் தர முன்வந்தது, பதிப்புச் செலவு ஈடான பிறகு விற்கும் படிக்கு 2 சென்ட். பால்டிமோரின் பென்டீன் என்ற பதிப்பாளரோடும் ஏற்பாடு செய்துகொண்டார். 25 சென்ட் தாளில் 2 சென்ட் என்றால் 8 விழுக்காடு. இதைக் கேட்டவுடன் சுரண்டல் என்று முகம் சுளிப்பவர்கள், இன்று நூலாசிரியர்களுக்குக் கிடைக்கும் விழுக்காட்டை ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். ‘ஓ சூசன்னா’வின் 100 டாலருக்கு ஈடாக 5,000 படிகள் விற்றால் போதும், அதற்கு மேல் விற்பதெல்லாம் கூடுதல் வரவு. பெயரும் வயதும் பெரிதாக இல்லாத 23 வயது கணக்கருக்கு இது நல்ல ஒப்பந்தமே. மேலும், ஐரோப்பியப் படைப்புகளுக்கு 1891 வரை அமெரிக்காவில் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது என்பதால், பதிப்பாளர்கள் அங்கிருந்து வரும் இசையைக் காசு கொடுக்காமலே அச்சிட்டுக்கொள்ள முடிந்தது. இலவசச் சரக்கு பக்கத்திலேயே குவிந்துகிடக்கும் சந்தையில், உள்ளூர்க்காரருக்குப் பங்கு தர ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று.

கணக்கு வேலையை விட்டுவிட்டு அவர் பிட்ஸ்பர்க் திரும்பினார். 1850-ல் ஜேன் மெக்டவலை மணந்தார். பாட்டெழுதி, அதன் ராயல்டியில் குடும்பம் நடத்த முயன்ற முதல் அமெரிக்கர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்வது இந்தப் பொருளில்தான்.

பெயரை விற்ற 15 டாலர்

மேடையிலிருந்து அவருக்கு ஒன்றுமே வரவில்லையா என்று கேட்டால், ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் அந்த மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்று அமெரிக்காவில் மிகப் பெரிய கூட்டம் கூடிய பொழுதுபோக்கு மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சி. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களின் பேச்சையும் நடையையும் கேலியாக நடித்துப் பாடியது அது. அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த நாட்டில் அது வெறும் வேடிக்கையாக இருந்திருக்க முடியாது. ஃபாஸ்டரின் தொடக்ககாலப் பாடல்கள் பல இந்த மேடைக்கென்றே, கறுப்பினத்தாரை இழிவுபடுத்தும் சொற்களோடு எழுதப்பட்டவை. பிறகு வந்த சிலவற்றில் கேலி குறைந்து, அடிமைப்பட்டவரின் பிரிவும் துயரமும் இடம்பெற்றன. அவற்றுள் சில அடிமைகள்பால் இரக்கத்தை எழுப்பக்கூடியவை என்று, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெரும் பேச்சாளர் ஃப்ரெடெரிக் டக்ளஸே சொன்னார். இரண்டும் ஒரே ஆளின் பேனாவிலிருந்து வந்தவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. தென்மாநிலத் தோட்டங்களைப் பற்றி அத்தனை பாட்டுகள் எழுதியவர் அந்தப் பக்கம் நெடும்பயணம் போனது 1852-ல் நியூ ஆர்லியன்சுக்குப் படகில் சென்ற ஒரே முறைதான் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இந்த மேடையில் கொடிகட்டிப் பறந்தவர் எட்வின் கிறிஸ்டி. அவர் குழு பாடினால் அந்தப் பாட்டின் தாள் விற்கும். ‘கிறிஸ்டி குழு பாடியது’ என்று அட்டையில் போடுவதே விளம்பரம். ஆகவே ஃபாஸ்டர் அச்சுக்கு முன்பே பாட்டுகளை அவருக்கு அனுப்பினார்; முதலில் பாடும் வாய்ப்புக்காக ஒரு பாட்டுக்கு 10 டாலர் பேசிக்கொண்டார். இதுதான் நான் சொன்ன விதிவிலக்கு. ஆனால் இது சட்டம் தந்த உரிமையன்று, முந்திக் கொடுப்பதற்கான கூலி. அச்சாகிவிட்ட பிறகு எவரும் யாருக்கும் ஒன்றும் தராமல் பாடலாம்.

1851-ல் ‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’ வந்தது. அதன் அட்டையில் பாட்டாசிரியராகத் தம் பெயரே இருக்க வேண்டுமென்று விரும்பிய கிறிஸ்டிக்கு, ஃபாஸ்டர் 15 டாலருக்கு அந்தப் பெருமையை விட்டுக்கொடுத்தார். ராயல்டி தம்மிடமே இருக்கும்படி பார்த்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்: விற்றது பெயர் மட்டும், வருமானம் அன்று. மின்ஸ்ட்ரல் பாட்டோடு தம் பெயர் சேர்வதில் அவருக்கு அப்போது கூச்சம் இருந்தது. பாட்டு வரலாறு காணாத அளவுக்கு விற்கத் தொடங்கியதும் அவருக்கு மனம் மாறியது. 1852 மே மாதம் கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதி, பெயரைத் திரும்பக் கேட்டார். கிறிஸ்டி அந்தக் கடிதத்தின் பின்புறத்தில் ஒரு வசைச்சொல்லை எழுதி வைத்ததோடு சரி. பதிப்புரிமையின் முதல் 28 ஆண்டுகள் ஓடி முடியும்வரை அட்டையில் கிறிஸ்டியே ஆசிரியர்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது நல்லது. ஒரு படைப்பின் ஆசிரியர் என்ற பெயரும், அதிலிருந்து வரும் வருமானமும் தனித்தனியாகக் கைமாறக்கூடியவை. ‘பாட்டை விற்றுவிட்டார்’ என்று யாரேனும் சொன்னால், இரண்டில் எதை என்று கேட்க வேண்டும்.

1857: ஒரு கணக்கரின் தாள்

1857 ஜனவரியில் ஃபாஸ்டர் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பாட்டும் அதுவரை ஈட்டியதைச் சென்ட் சுத்தமாகக் குறித்தார். சின்சினாட்டியில் பழகிய கணக்கெழுத்து வீண்போகவில்லை. ‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’ 1,647.46 டாலர். ‘மை ஓல்ட் கென்டக்கி ஹோம்’ 1,372.06 டாலர். இவை மேலே. கீழே போனால், இன்றும் உலகமெங்கும் பிள்ளைகள் பாடும் ‘கேம்ப்டவுன் ரேசஸ்’ வெறும் 101.25 டாலர், மனைவி ஜேனை நினைத்து எழுதியதாகக் கருதப்படும் ‘ஜீனி வித் த லைட் பிரவுன் ஹேர்’ 217.80 டாலர்.

இந்தப் பட்டியலில் எனக்கு வியப்பாக இருப்பது தொகைகளின் ஏற்றத்தாழ்வுதான். எல்லார் வாயிலும் இருக்கும் பாட்டும் வீட்டுப் பியானோ மேல் இருக்கும் தாளும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக வேறொன்றும் காட்டாது. தெருவில் சீட்டியடித்துப் போகிறவர் தாள் வாங்குவதில்லை.

பிறகு ஒவ்வொரு பாட்டும் இனி எவ்வளவு தரும் என்று மதிப்பிட்டார். மொத்தம் 2,786.77 டாலர் வந்தது. அந்த எதிர்கால வருமானத்தைப் பதிப்பாளர்களுக்கு 1,872.28 டாலருக்கு விற்றுவிட்டார். பூவைப் பார்த்து விலை பேசும் குத்தகை இதுதான். ஆனால் ஓர் ஆண்டு மகசூலுக்கு அன்று, மீதமிருந்த ஆண்டுகள் அனைத்துக்கும்.

ஏன் விற்றார்? செலவு வரவை மிஞ்சியது. பதிப்பாளரிடம் முன்பணம் வாங்கி வாங்கிப் பற்று ஏறியது. 1855-ல் பெற்றோர் இருவரும் இறந்தனர். இல்லறமும் அமைதியாக இல்லை. அவர் முறையாக எழுதிய வேகமும் குறைந்தது. காய்க்குக் காசு என்ற ஏற்பாட்டில் புதிய கன்றுகள் நட்டுக்கொண்டே இருந்தால்தான் வரவு நிற்காது. 1860-ல் இதேபோல் இன்னொரு முறை எதிர்காலப் பங்கை விற்றுக் கடனை அடைத்து, குடும்பத்தோடு நியூயார்க் போனார்.

அங்கே கதை முதல் வழிக்கே திரும்பிவிட்டது: மொத்த விற்பனை. 1863-ல் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதினார். பலவற்றுக்கு ஜார்ஜ் கூப்பர் என்ற இளைஞர் சொல் எழுதினார். எழுதிய கையோடு கடைக்குக் கொண்டுபோய், கொடுத்த காசை வாங்கிக்கொண்டு வரும் நிலை. ராயல்டிக்குக் காத்திருக்க நேரம் வேண்டும், நேரத்தைக் கடக்கக் கையிருப்பு வேண்டும். அவரிடம் அது இல்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ரசனையும் மாறிவிட்டது. மனைவியும் மகள் மேரியனும் பென்சில்வேனியா திரும்பிவிட்டனர்.

அப்படியானால் மொத்த வரவு எவ்வளவு? வாழ்நாளில் இசைத்தாள் ராயல்டியாக அவர் பெற்றது 15,091.08 டாலர். முதன்மையான 11 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 1,371 டாலர் சொச்சம். அன்றைய அமெரிக்காவில் ஒரு சிறு குடும்பம் கௌரவமாக வாழக்கூடிய தொகை அது, செல்வந்தராகும் தொகையன்று. பதிப்பாளர் பேசிய பங்கைக் கொடுத்தார். பெருகியது எல்லாம் அந்தப் பங்கு தொடாத இடங்களில் பெருகியது: மேடையில், தெருவில், கடல்கடந்த நாடுகளின் அச்சகங்களில்.

அவர் இறந்த பின் நடந்த ஒன்றும் இங்கே சேர வேண்டும். 28 ஆண்டுகள் முடிந்ததும் புதுப்பிக்கும் உரிமையை 1831-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவி மக்களுக்குக் கொடுத்திருந்தது என்று மேலே சொன்னேன். ஃபாஸ்டர் விற்ற குத்தகை அந்த 28 ஆண்டுகளோடு தீர்ந்தது; தோப்பு குடும்பத்துக்குத் திரும்பியது. ‘ஓல்ட் ஃபோக்ஸ்’ பாட்டுக்கு 1879-ல் அது நடந்தது. அதற்குப் பிறகுதான் அட்டையில் ஃபாஸ்டரின் பெயரும் உரிய இடத்துக்கு வந்தது. ஜேனும் மேரியனும் பின்னாளில் பெற்ற ராயல்டி 4,199 டாலர்.

பாடினால் காசு என்ற நிலை எப்போது வந்தது?

பொதுமக்கள் முன் ஒரு பாட்டைப் பாடவோ வாசிக்கவோ அனுமதி தருவதற்கும் அதற்குக் கட்டணம் பெறுவதற்குமான உரிமைக்கு நிகழ்த்துரிமை என்று பெயர். இது ஃபாஸ்டர் காலத்தில் யாருக்கும் தோன்றாத எண்ணமன்று. 1847-ல் பாரிசில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாட்டாசிரியர் ஓர் இசையரங்கு விடுதியில், ‘என் பாட்டை நீங்கள் காசு கொடுக்காமல் பாடுகிறீர்கள், ஆகவே நான் குடித்ததற்கு நானும் காசு தரமாட்டேன்’ என்ற வாதத்தோடு தகராறு செய்தார். வழக்கில் அவர் பக்கமே தீர்ந்தது. 1851-ல் பாட்டாசிரியர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் சங்கம் அங்கே உருவாகிவிட்டது. ‘ஓல்ட் ஃபோக்ஸ்’ வெளிவந்த அதே ஆண்டு அது.

அமெரிக்காவில் நாடகங்களுக்கு 1856-லும், இசைக்கு 1897-லும்தான் இந்த உரிமை சட்டமாயிற்று. அதற்குள் வணிகம் வேறு பாதையில் வளர்ந்திருந்தது. சார்லஸ் ஹாரிஸ் என்பவர் 1892-ல் ‘ஆஃப்டர் த பால்’ என்ற பாட்டைத் தாமே பதிப்பாளராகி வெளியிட்டார். பதிப்பாளருக்கும் ஆசிரியருக்கும் நடுவில் பிரிந்துபோகும் காசு முழுவதும் ஒரே பைக்குள் விழுந்தது. விற்பனை பல லட்சம் படிகளைத் தாண்டியது. ஆனால் அவரும் பாடகரிடம் காசு கேட்கவில்லை. மாறாக, புகழ்பெற்ற பாடகர் ஒருவருக்குத் தாமே காசு கொடுத்துப் பாடவைத்தார். மேடை அப்போதும் தாளுக்கு விளம்பரப் பலகையாகவே இருந்தது.

1897-ல் உரிமை வந்த பிறகும், ஊருக்கு ஊர் நடக்கும் கச்சேரிகளைத் தனியாள் ஒருவர் ஓடி ஓடிப் பார்த்து வசூலிக்க முடியாது. 1914-ல் ஆஸ்காப் என்ற சங்கம் தோன்றி, பாட்டாசிரியர்கள் சார்பில் மொத்தமாக உரிமம் தந்து வசூலித்துப் பிரித்துக்கொடுக்கத் தொடங்கியது. உணவு விடுதியில் இசைக்கெனத் தனிக் கட்டணம் வாங்காவிட்டாலும் அது வணிக நோக்கமே என்று 1917-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வத்தக்குழம்பு பரிமாறும் ஓட்டல்காரர் இப்போது பாட்டிக்குக் காசு தர வேண்டும் என்றாயிற்று.

இயந்திரத்தின் வழியாக ஒலிக்கும் பாட்டு மூன்றாவது கிளை. தானாக வாசிக்கும் பியானோவில் சுழலும் துளையிட்ட சுருள், கண்ணால் படிக்க முடியாதது என்பதால் இசைத்தாளின் படியாகாது என்று 1908-ல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, சுருளுக்கும் இசைத்தட்டுக்கும் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் நிர்ணயமாயிற்று. எவ்வளவு தெரியுமா? 2 சென்ட். 1849-ல் ஃபாஸ்டருக்குத் தாளுக்குப் பேசிய அதே இரண்டு சென்ட். 1970-களின் இறுதிவரை அது மாறாமல் இருந்தது.

ஆகவே ஒரே பாட்டுக்கு இப்போது மூன்று வாய்க்கால்கள் உள்ளன: அச்சு, நிகழ்ச்சி, ஒலிப்பதிவு. ஃபாஸ்டரின் வயலுக்கு அவற்றில் முதலாவதில் மட்டுமே தண்ணீர் வந்தது.

ஜீனியின் பழுப்புக் கூந்தல்

பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்பைப் பொதுவுரிமைப் படைப்பு என்கிறோம். யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இதை நம்மிடையே நாட்டுடைமையோடு சேர்த்துக் குழப்புவதுண்டு. நாட்டுடைமையில் அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவாக்குகிறது. பொதுவுரிமையிலோ காலக்கெடு தீர்ந்து உரிமை தானே அவிழ்ந்துவிடுகிறது, எவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. ஃபாஸ்டரின் பாட்டுகள் 19-ஆம் நூற்றாண்டின் முடிவிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒவ்வொன்றாக அந்த நிலையை அடைந்தன.

1941-ல் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கும் ஆஸ்காப் சங்கத்துக்கும் கட்டணத் தகராறு முற்றியது. ஆண்டின் தொடக்கத்திலிருந்து பல மாதங்கள், சங்கத்தின் உறுப்பினர்கள் எழுதிய பாட்டு எதையும் நிலையங்கள் ஒலிபரப்பவில்லை. நேரத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே; காசு கேட்க ஆளில்லாத பழைய பாட்டுகளைத் தேடி எடுத்தார்கள். அவற்றில் மிக அதிகமாக ஒலித்தவற்றுள் ஒன்று ‘ஜீனி வித் த லைட் பிரவுன் ஹேர்’. ஓயாமல் ஒலித்ததால் ஜீனியின் பழுப்புக் கூந்தல் நரைத்தே போயிற்று என்று அப்போது கிண்டல் செய்தார்கள். 1857-ஆம் ஆண்டுத் தாளில் ஃபாஸ்டர் 217.80 டாலர் என்று குறித்துவைத்த பாட்டு அது.